சிவப்பழகும் சிவந்த முகமும்

தமிழில் ஒருவரைச் 'சிவப்பு' என்றால் வெளிர்நிறத்தவர் என்று பொருள்; அது நோயைக் குறிக்கும் சொல்லன்று, புகழ்ச்சி. சருமத்தை வெளுக்கச் செய்யும் களிம்பையும் விளம்பர உலகம் 'சிவப்பழகு கிரீம்' என்றே விற்றுவந்தது. அதனால்தான் முகம் சிவந்து எரிகிறது என்று ஒரு தமிழ்ப்பெண் முறையிட்டால், அது நோயாகவே எவர் காதிலும் விழுவதில்லை.

மருத்துவக் கல்வியும் இதே பிழையை வேறு வழியில் செய்கிறது. ரோசேசியா என்னும் நீடித்த முகச்சிவப்பு வெள்ளையரின் நோயாகவே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. சரும வகைகளைப் பிரிக்க ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த அளவுகோலில் முதலில் வெள்ளைச் சருமம் மட்டுமே இருந்தது. பழுப்பும் கறுப்பும் பின்னர் ஒட்டவைக்கப்பட்டவை. மாநிற முகத்தில் அந்தச் சிவப்பு செம்பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ மங்கித் தெரியும். எரிச்சலும் குத்தலுமே முன்னே நிற்கும். படத்தில் வெள்ளைக் கன்னத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண் இதைப் பரு என்கிறது, ஒவ்வாமை என்கிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்தக் குருட்டுத்தனத்தின் விலை அதிகம். வெயிலும் வெப்பமும் இந்நோயைத் தூண்டுபவை. அங்கே அவை அன்றாடம். இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழர் குடும்பத்துக்குச் சிறப்பு மருத்துவம் என்பது போர்ட் பிளேர் வரையிலான கடற்பயணம். மருந்துக்கடையின் ஸ்டீராய்டு களிம்போ கைக்கெட்டும் தூரத்தில்.

அக்களிம்பு இரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சிவப்பைச் சில வாரங்கள் மறைக்கும். தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் முகம் முன்னிலும் மோசமாகக் கொதிக்கும். உடனே மீண்டும் பூசத் தோன்றும். 2011-இல் வெளியான இந்தியப் பன்மைய ஆய்வில், முகநோய்களோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசியவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்லர். 2018-இல் 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவை ஆயின. சட்டம் வந்தது, விற்பனை நிற்கவில்லை.

'மக்களின் அறியாமை' என்று கருத்தரங்குகளில் முடித்துவிடுவது எளிது. மங்குவுக்குச் சில வாரம் மட்டும் தரவேண்டிய ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின் கலவையை அழகுப்பூச்சாகப் புழங்கவிட்டது யாருடைய அறியாமை? 2020-இல் ஒரு புகழ்பெற்ற கிரீம் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டதைச் சீர்திருத்தம் என்று கொண்டாடியவர்களும் இருந்தனர்.

இத்தனைக்கும் சிகிச்சை எளியது. நறுமணமற்ற மென்சோப்பு, ஈரப்பசைக் களிம்பு, துத்தநாக ஆக்சைடு கலந்த வெயில்காப்பு, அகன்ற தொப்பி. எலுமிச்சைச் சாறும் கடலைமாவுத் தேய்ப்பும் வேண்டா. அதற்குமேல் மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் பூச்சுகளை மருத்துவர் தேர்வார். ஸ்டீராய்டுக்குப் பழகிய முகம் அதைவிட்டு மீள்வதும் அவர் கண்காணிப்பிலேயே நிகழவேண்டும்.

வெயில்காப்புக் களிம்பு இந்நோயாளிக்கு மருந்து. அதை ஒப்பனைப் பொருளாக ஒதுக்காமல், தீவுகளின் அரசு மருந்தகங்கள் இலவசமாகத் தரவேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடி வடம் 2020 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. தொலைமருத்துவத் திரையில் ஒரு மாநிற முகம் தோன்றும்போது, எரிகிறதா என்று முதலில் கேட்கும் மருத்துவரைத் தோலியல் துறைகள் இன்னும் உருவாக்கவில்லை.