பம்ப் இல்லை, புது மெசின் இருக்கிறது

சென்ற மாதம் அம்மாவின் உடுப்புத் தோய்க்கும் மெசின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. வாங்கி ஆறு வருடம்தான். விற்ற கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். “அந்த மொடலுக்குப் பம்ப் தனியா வாறேல்லை, தங்கச்சி. புதுசு ஒண்டைப் பாருங்கோ” என்றார்கள்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் அம்மாவின் வலது தோளில் ஏறிய ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நனைந்த போர்வையை அவரால் பிழிய முடியாது. இப்படியான கைகள் எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே வாரம் ஜேர்மனியில் இருக்கும் அக்கா கதைத்தாள். அவளுடைய பாத்திரம் கழுவும் மெசின் 2022 இல் வாங்கியது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது. மொடல் இலக்கத்தைக் கொடுத்து ரப்பரைத் தபாலில் எடுப்பித்து, பழையதை இழுத்துக் கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, புதியதைத் தானே அழுத்திப் பூட்டிவிட்டாளாம்.

அது கம்பனியின் தயவு அல்ல. 2021 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள விதி. பாத்திரம் கழுவும் மெசினின் கதவு ரப்பர், தண்ணீர் தெளிக்கும் கை, வடிகட்டி, தட்டுகள் போன்றவற்றை, அந்த மொடலின் கடைசி மெசின் சந்தைக்கு வந்து பத்து வருடங்கள் வரை பாவனையாளருக்கே விற்க வேண்டும். மோட்டர், பம்ப் போன்றவற்றைத் திருத்துநர்களுக்கு ஏழு வருடங்கள் வழங்க வேண்டும். கேட்டு 15 வேலை நாட்களுக்குள் அனுப்பவும் வேண்டும்.

இங்கே 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. உதிரிப்பாகங்களை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற கடமை அதில் இல்லை. ஆனால் பொருட்களின் விற்பனை குறித்து வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் அதிகாரசபைக்கு உண்டு. அந்த அதிகாரம் ஒரு பம்புக்கு ஏன் பயன்படக்கூடாது? 2022 இல் டொலர் இல்லையென்று நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதியை நிறுத்திய நாடு இது. டொலர் மிச்சப்பட வேண்டுமென்றால், முழு மெசினைவிடப் பம்பை இறக்குவதுதானே மலிவு?

கடைசியில் உதவியவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் ஐயா. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள், பற்றரி இல்லாத ரேடியோக்களைச் சைக்கிள் டைனமோவில் பாட வைத்தவர். சவர்க்காரத்துக்கு வழியில்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த காலம் அது. “அப்ப சாமான் வர விடேல்லை, பிள்ளை. இப்ப வருது, ஆனா முழுசாத்தான் வருது” என்றார்.

பிளக்கைக் கழற்றி, கீழேயுள்ள வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வடித்தோம். ஒரு சட்டைப் பொத்தானும் நூல் உருண்டையும் வந்தன. சிறிய விசிறியின் இதழ்கள் தேய்ந்து அச்சில் ஆடின. லேபலில் உள்ள வோல்ற்றும் வாற்றும், பூட்டும் காதுகளும், குழாய் வாயின் அளவும் பொருந்தினால் வேறு கம்பனிப் பம்பும் வேலை செய்யும் என்றார் ஐயா. கடைக்காரர் எனக்குச் சொல்லாதது அதுதான். பழைய மெசின்கள் குவிந்த ஒரு கடையில் மூன்றாவதைக் கழற்றியபோது பொருத்தமானது கிடைத்தது. வயர்களைக் கழற்ற முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்தே திரும்பப் பூட்டினோம்.

இப்போது ஓடுகிறது. ஆனால் கதவு ரப்பரின் அடியில் ஒரு வெடிப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. மொடல் இலக்கத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அந்த மொடல் அங்கே விற்கப்படவே இல்லையாம். அம்மா இப்போதைக்கு மெசினுக்கு அடியில் ஒரு பழைய சாரத்தை மடித்துப் போட்டிருக்கிறார்.