தடுப்புக்கு அந்தப் பக்கம்: டெரன்ஸ் டாட்மனை எப்படி நினைவுகூர்வது?

2022 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை, வாஷிங்டனில் உள்ள தன் தலைமையக உணவகத்துக்கு டெரன்ஸ் டாட்மனின் பெயரைச் சூட்டியது. ஆறு நாடுகளில் தூதராக இருந்தவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயரை மாநாட்டு அரங்குக்கு வைக்காமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏன் வைத்தார்கள்?

1926-இல் விர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸில் பிறந்த கறுப்பினத்தவர் டாட்மன். ராணுவத்தில் பணியாற்றி, பிறகு படித்து, 1952-இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். அன்று கறுப்பினத் தூதரக அதிகாரிகளுக்கென்று எழுதப்படாத ஓர் ஏற்பாடு இருந்தது. லைபீரியா, மடகாஸ்கர், கேனரி தீவுகள், அசோர்ஸ் என்று ஒரு சில இடங்களுக்குள்ளேயே அவர்களைச் சுற்றவிட்டார்கள். ‘நீக்ரோ வட்டம்’ என்றே அதற்குப் பெயர். 1949-இல் முதல் கறுப்பினத் தூதரான எட்வர்ட் டட்லி இதை எதிர்த்துக் குரல் கொடுத்திருந்தார்.

1957-இல் டாட்மன், வர்ஜீனியாவில் இருந்த துறையின் பயிற்சி நிறுவனத்துக்குப் போனார். மதிய வேளையில் வெள்ளை அதிகாரிகள் அருகில் இருந்த தனியார் உணவகத்தில் சாப்பிட்டார்கள். நிறப்பிரிவினை நிலவிய மாநிலம் என்பதால் அவருக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவின் பிரதிநிதியாக உலகெங்கும் போகலாம். சொந்த நாட்டில் சக அதிகாரியோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது. டாட்மன் மேலிடம் வரை முறையிட்டார், விடாமல் முறையிட்டார். கடைசியில் துறை அந்த உணவகத்தில் பாதியைக் குத்தகைக்கு எடுத்து, நடுவில் ஒரு தடுப்பை எழுப்பியது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். அந்தப் பக்கம் பழையபடியே.

சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தியைப் படித்து வளர்ந்த நமக்கு இது விளங்காத செய்தி அல்ல. பிரிவினையை ஒழிக்காமல், புகார் சொன்னவருக்கு மட்டும் ஒரு வழி செய்துகொடுப்பது அதிகாரத்தின் பழைய பழக்கம். அந்தப் பாதி வெற்றிகூட, ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்க மறுத்ததால்தான் கிடைத்தது. பொது உணவகங்களில் பிரிவினையைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் வர அதன்பின் 7 ஆண்டுகள் ஆயின.

சாட், கினி என்று ஆப்பிரிக்காவில் தூதராகத் தொடங்கிய டாட்மன், கோஸ்டா ரிகா, ஸ்பெயின், டென்மார்க், அர்ஜென்டினா என்று அந்த வட்டத்தை உடைத்து வெளியே வந்தார். 1986-இல் தென்னாப்பிரிக்காவுக்கான தூதர் பதவிக்கு ரீகன் அரசு அவரைப் பரிசீலித்தபோது ஒதுங்கிக்கொண்டார். நிறவெறி ஆட்சி தொடர்பான அமெரிக்கக் கொள்கைக்கு நம்பகத்தன்மை இல்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னார். ஒரு கறுப்பு முகத்தை முன்னே நிறுத்தித் தன் கொள்கைக்கு வெள்ளையடிக்க நினைத்த அரசுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் நல்ல கதை. ஆனால் வரலாறு இங்கே நிற்கவில்லை.

1977-இல் கார்ட்டர் அரசில் லத்தீன் அமெரிக்க விவகாரங்களுக்கான உதவிச் செயலர் ஆனார் டாட்மன். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரைக் கடத்தி, சித்திரவதை செய்து, காணாமல் ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. மனித உரிமைப் பிரிவின் தலைவர் பாட்ரிசியா டெரியன், அந்த ஆட்சியாளர்களைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டும் என்றார். டாட்மனோ அமைதியான பேச்சுவார்த்தையை வலியுறுத்தினார். நாடுகளைப் பொதுவெளியில் அவமானப்படுத்தும் அணுகுமுறையை 1978 பிப்ரவரியில் ஓர் உரையில் விமர்சித்தார். சில மாதங்களில் ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். 1989 முதல் 1993 வரை அதே அர்ஜென்டினாவில் தூதராக இருந்தபோது, அங்குள்ள பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘வைஸ்ராய்’.

சாப்பாட்டு மேசையில் நிதானத்தை ஏற்க மறுத்தவர், அடுத்த நாட்டின் தாய்மார்கள் பிள்ளைகளைத் தேடி அலைந்தபோது நிதானத்தைப் பரிந்துரைத்தார். வர்ஜீனியாவில் அவர் பொறுமையாக, சத்தமில்லாமல் காத்திருந்திருந்தால் பாதி உணவகம்கூடக் கிடைத்திருக்காது. இது அவருக்குத் தெரியாததல்ல.

இதைச் சொல்வது அவருடைய போராட்டத்தைச் சிறுமைப்படுத்த அல்ல. பிரதிநிதித்துவம் என்பது உரிமை. நல்லவராக இருந்தால்தான் தருவோம் என்று அதற்கு நிபந்தனை போட யாருக்கும் தகுதியில்லை. வெள்ளையர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவர் யாருக்காக அதைப் பயன்படுத்தினார் என்று கேட்பது வேறு. அந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால், நம் எதிரிகள் தங்கள் வசதிக்கு ஏற்பக் கேட்பார்கள்.

உணவகத்துக்குப் பெயர் வைப்பது அரசுக்குச் செலவில்லாத காரியம். தான் எழுப்பிய தடுப்பை மறந்துவிட்டு, அதை எதிர்த்தவரின் பெயரைச் சுவரில் எழுதிக்கொள்ளும். நாம் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வோம்: 1957-இல் அவர் எழுப்பிய குரலையும், 1978-இல் அவர் எழுப்ப மறுத்த குரலையும்.