பட்டியலில் இல்லாத அடுப்பை யார் எண்ணுவது?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரசு நடத்தும் மாதிரி ஆய்வும் அப்படித்தான். எல்லா வீட்டையும் கேட்காமல், குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்து, அவற்றைக் கொண்டு மாவட்டத்தின் நிலையைச் சொல்கிறார்கள். ஆனால் உலையில் விழாத அரிசியைப் பற்றி அந்த ஒரு சோறு என்ன சொல்லும்?

கள்ளக்குறிச்சிக்கு இந்தக் கேள்வி முக்கியம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கடைசியாக முடிந்தது 2011-ல். அடுத்தது 2027-க்குத் தள்ளிப்போனது. நம் மாவட்டம் பிறந்ததோ 2019 நவம்பரில். அதனால் 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் நமக்கெனத் தனி அறிக்கை இல்லை. விழுப்புரத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டோம். பழைய கணக்கை நம்புவதைவிட ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், வீட்டுவரிப் பதிவேடு, நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றிலிருந்து வீடுகளைத் தேர்ந்தால் செலவு குறையும், விவரமும் புதிதாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. அதை நாம் எதிர்க்கவில்லை. அந்தப் பட்டியலில் யார் இல்லை என்றே கேட்கிறோம்.

காலனியில் ஒரு தொகுப்பு வீடு. அப்பா பெயரில் ஒரே கார்டு. மணமான இரண்டு மகன்கள் திண்ணையை மறைத்துத் தனித்தனியே உலை வைக்கிறார்கள். கணக்கெடுப்பு விதிப்படி ஒரே சமையலில் உண்பவர்களே ஒரு குடும்பம். ஆக அங்கே மூன்று குடும்பங்கள்; கார்டில் ஒன்று. புறம்போக்கில் குடிசை போட்டவரிடம் வரி ரசீது இருக்காது. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் அரசுக் காகிதம் போய்ச் சேர்ந்ததே தாமதம்.

விடுபடுவது தற்செயல் அல்ல. நிலமற்றவர், பட்டா இல்லாதவர், தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தால் அன்றைய கூலியை இழப்பவர் ஆகியோரே விடுபடுகிறார்கள். பட்டியலில் இல்லாத வீடு குலுக்கலில் வரவே வராது. ஆயிரம் வீட்டுக்குப் பதில் பத்தாயிரம் வீட்டைக் கேட்டாலும் இந்தப் பிழை தீராது. எல்லோருக்கும் வீடும் கழிப்பறையும் கிடைத்துவிட்டதாக அறிக்கை வரும். நிதியும் அதன்படியே ஒதுக்கப்படும்.

குடும்பநல ஆய்வில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தேர்ந்த பகுதியில் தெருத்தெருவாக நடந்து, வரைபடம் போட்டு, வீடுகளைப் பட்டியலிட்ட பிறகே 22 வீடுகளைத் தேர்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்ப்பதில்லை. பதிவேட்டைப் பயன்படுத்தும் எந்த ஆய்வும் இந்த நடையைக் கைவிடக் கூடாது. ஊர்த்தெரு, காலனி, மலைக்கிராமம் மூன்றிலும் சில இடங்களில் நேரில் எண்ணி, பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். நூறு குடும்பத்தில் எத்தனை விடுபட்டன என்பதைப் பட்டியல் சாதி, பழங்குடி வாரியாக வெளியிட வேண்டும். விடுபட்டவர்களுக்குக் கார்டும் கொடுக்க வேண்டும்.

மாணவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் உங்கள் தெருவில் எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை கார்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த இரண்டு எண்களையும் அடுத்த கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.