கலங்கரை விளக்கமும் ஒரு பாடமும்

சென்ற கோடை விடுமுறையிலே நியூபவுண்ட்லாந்தின் தென்கோடியிலுள்ள கேப் பைன் முனைக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தேன். மரமொன்றும் இல்லாத வெளி, சரளைக்கற் பாதை, அதன் முடிவிலே 1851 ஆம் ஆண்டு வார்ப்பிரும்பாற் கட்டப்பெற்ற வெளிச்சவீடு. பாறைகளில் அலை மோதும் ஓசை கேட்டதேயன்றி, மூடுபனியினாற் கடல் கண்ணுக்குப் புலப்படவில்லை.

"பருத்தித்துறையிலும் இப்படி ஒன்று இருக்குத்தானே, அப்பா?" என்றாள் மகள். இருக்கிறது. 1916 இல் எழுந்தது. படையினர் நிலைகொண்டிருந்த காலத்திலே தூரத்தில் நின்று பார்த்ததன்றி, நான் அதன் அடியை மிதித்ததில்லை.

நாம் வெளிச்சவீடு என்பதைச் சிலப்பதிகாரம் கலங்கரை விளக்கம் என்னும். கரைதல் என்றால் அழைத்தல்; திசையறியாத கலங்களை அழைக்கின்ற விளக்கு என்பது பொருள். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான். (வகுப்பிலே பிள்ளைகள் கடற்கரை என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.)

அம்முனைக்கு அண்மையிலுள்ள செயின்ற் ஷொட்ஸ் என்னும் சிற்றூருக்கு அப்பாற் கடலிலே, 1986 ஓகஸ்ட் 11 ஆம் நாள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்தனர். அன்றும் மூடுபனி. அவர்களுக்குக் கைகொடுத்தவர் கஸ் டோல்ரன் என்னும் மீனவர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறினர். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியமை பின்னர் வெளிப்பட்டது. கண்டனக் குரல்கள் எழுந்தன. எனினும், அரசு ஓராண்டு அனுமதி வழங்கிற்று.

இதனைப் பாடமாக்க வேண்டுமெனப் பெற்றார் கூட்டத்திற் சொன்னேன். "எங்கட ஆக்கள் பொய் சொன்ன கதை பிள்ளையளுக்கு ஏன், மாஸ்ரர்?" என்றார் ஒருவர். அவருடைய கூச்சம் எனக்கு விளங்குகிறது. நானும் விசாரணை மேசையின் முன் இருந்தவன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று நெஞ்சு தடுமாறியதை அறிவேன். ஆனால், பொய்யை நீக்கி எழுதினால் அச்சமும் உடன் நீங்கிவிடும். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நடுங்கியவர் வாயில் வந்த சொல்லல்லவா அது! அந்த அச்சத்தை அறியாத பிள்ளை, டோல்ரன் செய்த உதவியின் அருமையை எங்ஙனம் அறியும்? எங்கிருந்து வந்தீர்கள் என்று விசாரித்துத் தெளிந்த பின்னரா அவர் கைகொடுத்தார்?

மேல்வகுப்பு மாணவருக்கென நான்கு பக்கப் பாடமொன்றை எழுதி வைத்துள்ளேன். பெற்றார் பார்வையிட்டுத் திருத்தலாம். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டச் சம்மதியேன். அக்காலத்திலே இந்நாட்டுக்கு வந்த பெரியோர் ஒஷாவாவில் இருப்பின், ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பிற்கு வந்து பிள்ளைகளோடு பேசுவார்களாக.