கல் எங்கிருந்து வந்தது?

பழைய இலக்கியத்தைப் புதிய எழுத்தாளர்கள் எடுத்தாளும் விதம் பற்றிய கட்டுரைகள் ஆய்விதழ்களுக்கு இப்போது நிறையவே வருகின்றன. 'மறுவாசிப்பு' என்ற சொல் அநேகமாகத் தலைப்பிலேயே இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே அமைப்பு: மூலத்தில் இப்படி, புதிய படைப்பில் அப்படி, ஆகவே இது மரபை மறுக்கும் படைப்பு. வேறுபாடுகளைத் தொகுப்பதில் உழைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூலம் என்று எதைக் கொள்கிறோம் என்ற கேள்வி எழுப்பப்படாமலே போகிறது. எந்த எழுத்தாளனுக்கும் பழங்கதை அதன் முதல் வடிவில் வந்து சேர்வதில்லை. பல கைகள் தொட்டுத் திருத்தி, கூட்டிக் குறைத்த பிறகே வருகிறது. அந்தக் கைகள் விட்டுச்சென்ற ஒரு பொருளை எடுத்துக்கொண்டுதான் அவன் எதிர்ப்பேச்சும் பேசுகிறான். இதை நிறுவ அகலிகையின் கதையைவிடப் பொருத்தமான சான்று தமிழில் இல்லை என்று கருதுகிறேன்.

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வெளிவந்தது. அதன் முடிவில் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். நவீனத் தமிழ்ச் சிறுகதையில் இவ்வளவு வலுவான முடிவுகள் குறைவு. ஆனால் இந்தக் கல் வால்மீகியிடம் இல்லை. வால்மீகியின் பாலகாண்டத்தில் கௌதமர் இடும் சாபம் வேறு: அகலிகை யார் கண்ணுக்கும் படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்ய வேண்டும். இராமன் வந்ததும் அவள் கண்ணுக்குத் தெரிகிறாள். இராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கல்லான அகலிகை வடமொழியில் காளிதாசனின் இரகுவம்சத்தில் இருக்கிறாள். தமிழில் பரிபாடலிலேயே இருக்கிறாள். திருப்பரங்குன்றத்தைப் பாடும் பத்தொன்பதாம் பாடலில், கோயிலுக்கு வந்தவர்கள் அங்குள்ள ஓவியங்களைக் காட்டி ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். பூனையாகி நிற்கும் இந்திரன், அகலிகை, சினந்த கௌதமன், அவள் கல்லுருவானது எல்லாமே அங்கே சித்திரமாக இருக்கின்றன. பார்க்க வந்த சாதாரண மக்கள் அடையாளம் கண்டு சொல்லும் அளவுக்கு இந்த வடிவம் கம்பனுக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஊறியிருந்தது.

கம்பன் தன் பாயிரத்தில், வடமொழியில் இக்கதை செய்த மூவருள் முந்தியவர் வழியைப் பின்பற்றுவதாகச் சொல்கிறான். வால்மீகி வழி என்றே எல்லோரும் பொருள் கொள்கிறோம். ஆனால் அகலிகைப் படலத்துக்கு வந்தால் அவள் கல்லாகிறாள். இந்திரன் பூனையாகி நழுவப் பார்க்கிறான். பரிபாடல் ஆண்ட 'பூசை' என்ற அதே சொல்லையே கம்பனும் ஆள்கிறான். வாய்விட்டுச் சொன்ன கடன் ஒன்று, சொல்லாமல் பெற்ற கடன் மற்றொன்று. பின்னது குன்றத்து ஓவியத்திலிருந்தும் ஊரார் வாயிலிருந்தும் வந்த கடன். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் கம்பன் தனக்கே உரிய ஒன்றைச் செய்தான். வந்தவன் இந்திரன் என்று அகலிகை உணர்ந்தும் விலக்கவில்லை என்று பாடுகிறான். சாபம் நீங்கியபின் அதே படலத்தில், நெஞ்சால் அவள் பிழை செய்யாதவள் என்று சொல்லிக் கௌதமனிடம் அவளைச் சேர்க்கச் செய்கிறான். அறிந்தும் விலக்காதவள் நெஞ்சால் பிழையாதவளாவது எப்படி? உரையாசிரியர்கள் இந்த இடத்தில் எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சமாதானமும் முழுதாகப் பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம் என்பது என் துணிபு. கம்பன் அவிழ்க்காமல் விட்ட முடிச்சு அது.

புதுமைப்பித்தன் கைவைத்ததும் அங்கேதான். 'அகல்யை' என்ற தலைப்பில் முன்பே ஒரு கதை எழுதியவர் அவர். மன்னிக்கும் கணவனைக் காட்டுவதோடு அந்தக் கதை நின்றுவிட்டது. 'சாபவிமோசனம்' அடுத்த கேள்விக்குப் போகிறது. கணவன் மன்னித்தான், உலகமும் ஒப்புக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன்பின் அவள் எப்படி வாழ்ந்தாள்? கதையின் அகலிகைக்கு எதிர்ப்படும் ஆண் உருவத்திலெல்லாம் இந்திரனின் நிழல் தெரிகிறது. கோதமன் தழுவும்போதும் அது அகலவில்லை. இதற்கு இடையில், போர் முடிந்து திரும்பிய சீதை வந்து தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். உலகுக்கு நிரூபிக்க வேண்டாமா என்ற அந்தச் சமாதானத்தை அகலிகையால் ஏற்க முடியவில்லை. தன் சாபம் நீங்கக் காரணமாக இருந்தவனே தன் மனைவியை நெருப்பில் இறங்க விட்டான் என்று அறிந்த கணத்தில் அவளுக்குக் கிடைத்த விமோசனம் பொருளற்றுப் போகிறது. இதில் புதுமைப்பித்தன் கண்டுபிடித்த புதிய நிகழ்ச்சி மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். பாலகாண்டத்து அகலிகைப் படலமும் யுத்தகாண்டத்து மீட்சிப் படலமும் ஒரே நூலில்தான் இருக்கின்றன; இடையே ஆயிரக்கணக்கான பாடல்கள். அந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். முடிவுக்கு வேண்டிய கல்லை மரபே அவரிடம் கொடுத்துவிட்டது. வால்மீகியின் அகலிகை மட்டுமே அவர் முன் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு இந்த முடிவு கிடைத்திருக்காது.

இப்படிச் சொல்வது புதுமைப்பித்தனின் புரட்சியைக் குறைப்பதாகாதா என்று கேட்கலாம். முன்னோன் பின்னோன் உறவைத் தந்தை மகன் போராட்டமாகக் காணும் ஒரு கோட்பாடு உண்டு. ஹெரால்ட் ப்ளூம் 1973இல் எழுதிய நூலால் உலகெங்கும் பரவிய பார்வை அது. முன்னோனைத் தவறாகப் படித்துத்தான் பின்னோன் தனக்கு இடம் தேடிக்கொள்கிறான் என்பது அதன் சாரம். ஆங்கிலக் கவிகள் சிலருக்கு அது பொருந்தலாம். நம் இலக்கண மரபு இந்த உறவை வேறாகப் பார்த்தது. வழிநூல் முதல்நூலின் முடிவுகளை ஏற்று, பின்னோன் வேண்டும் விகற்பத்தையும் சேர்த்துக் கூறும் என்பது நன்னூலின் கருத்து. ஏற்பும் விகற்பமும் ஒரே நூலில் வாழலாம் என்பதே இதன் வலிமை. நன்னூலார் நினைத்த விகற்பம் சாபவிமோசனம் அளவுக்குப் போவதாக இருந்திராது என்பது உண்மைதான். எனினும் கம்பனையும் புதுமைப்பித்தனையும் ஒரே கோட்டில் வைத்துப் பேச இந்தச் சொல் உதவும் அளவுக்குப் போராட்டம் என்ற உருவகம் உதவாது. கடன்பட்டிருப்பதால் புரட்சி சிறுத்துவிடுவதில்லை. எதைக் கொண்டு எதை உடைத்தான் என்பது தெரிந்தால்தான் அடி எவ்வளவு ஆழம் என்று அளக்கவே முடியும்.

இன்னும் கடுமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. இராமாயணத்தை நுணுக்கமாகத் திருத்தி எழுதுவது அதன் அதிகாரத்தை நீடிக்கவே செய்யும், நிராகரிப்பதே நேர்மை என்பது அது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாபவிமோசனம் வந்த அதே 1943இல்தான் அண்ணா ஒரு பக்கமும் ரா. பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபக்கமும் நின்று, கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று மேடையில் வாதிட்டார்கள். அந்த வாதம் எழுந்திராவிட்டால் நம்மில் பலர் கம்பனை இவ்வளவு விழிப்போடு படித்திருக்க மாட்டோம். அதற்காக அந்த மேடைக்குத் தமிழ்த் திறனாய்வு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் நிராகரிப்பு படைப்பாக மாறும்போது என்ன நடந்தது என்று பாருங்கள். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் தடை செய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப் பெற்றது. இராவணனைத் தலைவனாக்கிய அந்த நூல் காண்டம் என்றும் படலம் என்றும் பகுத்துக்கொண்டுதான் நடக்கிறது. கம்பனை எதிர்க்கக் கம்பனின் கட்டடமே தேவைப்பட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எதிர்நூலுக்கும் ஒரு வழி வேண்டும். ஆனால் தலைவனையும் பகைவனையும் இடம் மாற்றுவதால் பழைய நூலின் முடிச்சு அவிழ்வதில்லை, பக்கம் மட்டுமே மாறுகிறது. அந்த வகையில் 'சாபவிமோசனம்' அதிக தூரம் போகிறது. இராமனைத் தீயவனாக்காமலே, அவன் செய்ததை மன்னிக்க முடியாததாக்குகிறது.

இராமாயணம் படிக்காத தலைமுறைக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள் சிலர். புதுமைப்பித்தன் தன் கதையின் தொடக்கத்திலேயே, இராமாயணப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம் என்று குறிப்பு எழுதினார். அவர் எண்ணிப் பேசியது மரபு தெரிந்த வாசகனை. இன்று நமக்கு மரபே தெரியாத வாசகனை எண்ணிக் கவலை. ஆனால் அந்த வாசகன் கதையைப் படித்து அதிர்ந்துவிட்டால், கல் எங்கிருந்து வந்தது என்று தானே தேடிப் போவான். அவனுக்கு வழிகாட்டுவது திறனாய்வாளன் வேலை.

வால்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் அருகருகே வைத்துப் படிக்கும் முறையை ஏ. கே. ராமானுஜன் தன் 'முந்நூறு இராமாயணங்கள்' கட்டுரையில் காட்டியிருக்கிறார். நம் ஆய்வாளர்கள் அந்த வரிசையை முன்னும் பின்னும் நீட்ட வேண்டும். அகலிகைக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. கண்ணகியையும் பாஞ்சாலியையும் நந்தனையும் எடுத்தாளும் இன்றைய கதைகள், நாடகங்கள், கவிதைகள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. வரும் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் என் வேண்டுகோள் இதுவே: வேறுபாட்டுப் பட்டியலை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்னோன் விட்ட முடிச்சு எது, அதைத் தொட இந்த எழுத்தாளனுக்கு எந்த இடைக்கை உதவியது, அந்த முடிச்சை அவன் அவிழ்த்தானா இறுக்கினானா என்று எழுதுங்கள். பாட்டையும் கதையையும் எதிரெதிரே திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.