கசடில்லாவும் காகிதத் தட்டும்

போன மாதம் செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு ஒரு சின்ன பார்ட்டி வைத்தோம். இடம்: ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. எதிரே ஜவ்வாது மலை, மேலே நிலா, கையில் காசு குறைவு. பதினாறு பேர் வந்தார்கள். "பிரியாணி நீ போடாதடா, போன தடவை சாப்பிட்டதே இன்னும் மறக்கல" என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிட்டதால், நான் கேசடியா செய்வதாக அறிவித்தேன். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்த ஒருவன் அதற்குக் "கசடில்லா" என்று பெயர் வைத்துவிட்டான். அன்று முழுக்க அதுதான் பெயர். இங்கேயும் அதுவே இருக்கட்டும் :-)

விஷயம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. மெக்சிகோக்காரர்கள் சோள ரொட்டிக்குள் சீஸை வைத்து மடித்துச் சுட்டுத் தின்பதுதான் கேசடியா. ஸ்பானிய மொழியில் 'கேசோ' என்றால் சீஸ். அதைக் கூட்டத்துக்குத் தோதாக மாற்றிய வடிவம் ஒன்று இருக்கிறது. ரொட்டியைப் பாதியாக வெட்டி, கடலைப் பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுருட்டி, உள்ளே கோழியும் சீஸும் அடைத்து, கூர்ப்பக்கம் உள்ளே பார்க்க வட்டமாக அடுக்க வேண்டும். ஒரு வரிசை, மேலே கொஞ்சம் சீஸ், இன்னொரு வரிசை, மறுபடி சீஸ். அடுப்பில் வைத்து எடுத்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு பெரிய பூ மாதிரி வரும். நடுவில் ஒரு கிண்ணம் தக்காளிச் சட்னி. தட்டைக் கூட்டத்தின் நடுவே வைத்தால் ஆளுக்கொரு இதழாகப் பிய்த்துக்கொள்ளலாம். சட்டென்று பிய்ந்துவிடாது, சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். பக்கத்தில் இருப்பவன் அதை விரலால் அறுத்துவிட வேண்டும். அதுதான் அந்தப் பண்டத்தின் மொத்த சுவாரசியமும்.

வீட்டில் ஓவன் கிடையாது. தெரிந்த பேக்கரி அண்ணனிடம் போய் நின்றேன். "ரொட்டி எடுத்தப்புறம் சூடு இருக்கும், அதுல தள்ளிக்கோ" என்றார். சோள ரொட்டிக்கு எங்கே போவது? சப்பாத்திதான். சீஸ் வேலூரிலிருந்து வந்தது. பீஞ்சமந்தைப் பக்கத்து நண்பன் ஒருவன் மலைத்தேன் கொண்டுவந்தான். (அது கசடில்லாவுக்குச் சேராது. பாதிப் பாட்டில் எப்படித் தீர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தட்டை நடுவில் வைத்தேன். வாசனை தூக்கியது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்போது வகுப்புத் தோழன் ஒருவன், மெதுவாக, ரொம்ப நாகரிகமாகச் சொன்னான்: "இத தனித்தனியா பேப்பர் தட்டுல வச்சுக் குடுத்துடலாமேடா. எல்லாரும் கை வைக்கிறது சுத்தமா இருக்காது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் பட்டது. ஆனால் அதே ஆள் கால் மணி நேரம் முன்பு ஒரே பொட்டலத்து மிக்ஸரில் எட்டுப் பேரோடு கை விட்டவன். வேலூர் பஸ் ஸ்டாண்டில் பானிபூரிக்காரர் முழங்கை வரை நனைத்துக் கொடுப்பதை "இன்னொரு பிளேட்" என்று வாங்குபவன். விடுதியில் என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறப்பவன். அப்போதெல்லாம் வராத சுத்தம், அன்றைக்கு எங்கிருந்து வந்தது? மிக்ஸர் தின்றபோது இல்லாத ஒருவன் கசடில்லா வந்தபோது இருந்தான். அதுதான் வித்தியாசம். பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து என் நண்பன் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்திருந்தான்.

நண்பனுக்கு இது உடனே புரிந்தது. எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தில் அவன் சுவரோரம் நகர்ந்து, "நீங்க சாப்டுங்கடா, நான் வீட்ல சாப்ட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டான். சைக்கிள் மிதித்து பார்ட்டிக்கு வருகிறவன் சாப்பிட்டுவிட்டா வருவான்?

சுத்தம் என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்தைப் பார்த்தவர்கள் நாம், கிருமியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பண்டத்தில் எச்சில் எங்கே படும்? கூம்பு ஒவ்வொன்றும் தனி. எனக்கு உரியதை மட்டும்தான் நான் தொடுகிறேன். கடித்ததைத் திரும்பச் சட்னிக் கிண்ணத்தில் முக்கினால் எச்சில் பரவும், உண்மை. அதற்கு ஒரு கரண்டி போட்டால் போதும். போட்டிருந்தேன். கை கழுவ மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தது, சோப்பும் இருந்தது. சளி பிடித்தவன் தள்ளி உட்காரலாம். இவ்வளவுதான் சுகாதாரம். இதற்கு மேல் மிச்சம் இருக்கும் அருவருப்பை எந்தச் சோப்பும் போக்காது, ஏனென்றால் அது கையைப் பற்றியதே இல்லை. யாருடைய கை என்பதைப் பற்றியது.

இதில் காகிதத் தட்டு ரொம்ப சாமர்த்தியமான கண்டுபிடிப்பு. இரட்டைக் குவளை என்றால் சட்டம் இருக்கிறது, வழக்கு வரும், பத்திரிகையில் போடுவார்கள். பேப்பர் கப்புக்கு என்ன வழக்கு வரும்? நண்பன் ஒருமுறை சொன்னான். வகுப்பில் ஒருத்தன் வீட்டுக்கு நான்கு பேர் போயிருந்தார்கள். மூன்று பேருக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி, இவனுக்கு மட்டும் பேப்பர் கப். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "டம்ளர் பத்தலப்பா" என்றார்களாம். "பின்னாடி ஷெல்ஃபுல ஒரு டஜன் இருந்துச்சுடா, எண்ணினேன்" என்றான். எண்ணியிருக்கிறான் பாருங்கள். நாமெல்லாம் அடுத்தவர் வீட்டில் டம்ளர் எண்ணுவோமா? நமக்கு அந்த வேலை வந்ததே இல்லை.

இது நம் மொட்டை மாடியில் தொடங்கிய கதையும் இல்லை. நூறு வருஷம் முன்பு சேரன்மாதேவியில் இதே கதைதான். 1922இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலம். தேசியக் கல்வி கொடுக்கத்தான் தொடங்கினார்கள், காங்கிரஸ் பணமும் போயிருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. ஏன் என்றால், பெற்றோர் கேட்டுக்கொண்டார்களாம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பெரிய பிரச்சினையாக்கினார்கள். "ரெண்டே ரெண்டு பிள்ளைங்கதானே, இதுக்குப் போயா" என்று அன்றைக்கும் நிறையப் பேருக்குத் தோன்றியிருக்கும். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். உடனடிக் காரணம் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம்தான். ஆனால் அந்தத் தனிப்பந்தியை விட்டுவிட்டு அந்த வெளியேற்றத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு கட்சியின் கதையை, ஒரு மாநிலத்தின் அரசியலையே திருப்பியதில் ஒரு சாப்பாட்டு வரிசைக்குப் பங்கு இருக்கிறது. சாப்பாடு சின்ன விஷயம் என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்.

அதற்கும் முன்னால், 1917 மே மாதம், கேரளத்தில் செறாயி என்ற ஊரில் அய்யப்பன் என்ற இளைஞர் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிட வைத்தார். 'மிஸ்ரபோஜனம்' என்று அதற்குப் பெயர். சொந்த சாதிக்காரர்களே அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். மனிதர் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார். பின்னால் சகோதரன் அய்யப்பன் என்று ஊர் கொண்டாடியது அவரைத்தான்.

"அதெல்லாம் பழைய கதை" என்று ஒரு குரல் வரும். சரி, 2018. திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவு சமைக்க வந்த பெண் அருந்ததியர் என்பதால் அவர் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வழக்குப் பதிவாகும் அளவுக்குப் போனது. காமராஜர் மதிய உணவைத் தொடங்கி அறுபது வருஷம், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்து முப்பத்தாறு வருஷம் கழித்து! ஒரே அண்டாவில் சமைத்து ஒரே வரிசையில் போடுவதுதான் அந்தத் திட்டத்தில் சோற்றை விடப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். எதிர்த்தவர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் எதிர்த்தார்கள்.

இன்னும் இரண்டு மூன்று ஆட்சேபணைகள் அன்று மாடியிலேயே வந்தன.

ஒன்று, சைவம். இது நியாயமானது. கோழி சாப்பிடாத இருவருக்காகக் காராமணி அடைத்து இன்னொரு வட்டம் செய்திருந்தேன். ஒருவர் எதைச் சாப்பிடுவது என்பது அவர் விருப்பம். யாரோடு சாப்பிட மாட்டேன் என்பது வேறு. இரண்டையும் குழப்புகிறவர்கள் தெரிந்தேதான் குழப்புகிறார்கள். காராமணி வட்டத்திலும் பத்துக் கைகள் விழுந்தன என்பது தனிக்கதை. சைவ நண்பர்களுக்கு ஆளுக்கு இரண்டுதான் கிடைத்தது, மன்னிக்கவும்.

அடுத்தது, "நம்ம கலாச்சாரத்துல இப்படி ஒரே தட்டுல சாப்பிடுற பழக்கம் இல்ல, இது வெள்ளக்காரன் பண்டம்". அடேயப்பா! சட்னியில் போட்ட மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்து இறங்கியது. மெக்சிகோவுக்கும் அப்படித்தான், ஸ்பானியர் மாடு கொண்டுபோகும் முன்பு அங்கே சீஸ் ஏது? ஊர் ஊராகப் போய்வந்த பொருளெல்லாம் நம் சமையலறையில் தடையில்லாமல் நுழைந்துவிட்டது. மனிதர்கள்தான் வாசலில் நிற்கிறார்கள். அப்புறம், ஆடி மாதம் அம்மன் கோவில் கூழ் ஒரே அண்டாவில்தானே கொதிக்கிறது? கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பாலும் பழமும் ஒரே கிண்ணத்தில்தானே? பழக்கம் இல்லாமல் இல்லை. ஆள் பார்த்துப் பழக்கம்.

கடைசி ஆட்சேபணை எங்கள் அத்தையிடமிருந்து. படியேறி வந்தவர் நிலவரத்தைப் பார்த்துவிட்டு என் காதோடு, "இன்னாத்துக்குடா வம்பு, தட்டுல வச்சுக் குடுத்துடு. பெரியவங்க மனசு நோவும்" என்றார். அத்தை மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் நோகிற மனசு பெரியவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறதா? சுவரோரம் நின்றவனுக்கு வயது இருபது, அவனுக்கு மனசு இன்னும் முளைக்கவில்லையா? சேரன்மாதேவியில் பெற்றோர் மனசு, அவிநாசியில் ஊர் மனசு, எங்கள் மாடியில் பெரியவங்க மனசு. நூறு வருஷமாக ஒரே பக்கத்து மனசுதான் நொந்துகொண்டே இருக்கிறது.

"தட்டு ஒண்ணுதான் இருக்கு. வேணாங்கறவங்க கீழ போய் பிஸ்கட் சாப்பிடலாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுத்தக்காரத் தோழனுக்குத் திடீரென்று போன் வந்தது, பேசிக்கொண்டே படியிறங்கினான். அரை மணி நேரம் பேசினான். திரும்பி வந்து ஓரமாக உட்கார்ந்து கேக் மட்டும் சாப்பிட்டான். அவன் மாறிவிட்டான் என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். இன்று வரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மலைக்கார நண்பன் ஒன்றுமே சொல்லாமல் சுவரோரம் போய், அவன் தோளைப் பிடித்து இழுத்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தான். நண்பன் பிய்த்த கூம்பு இழுத்த இழுப்புக்கு சீஸ் ஒரு முழம் வந்தது. பக்கத்தில் இருந்தவள் அதை விரலால் அறுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று சாப்பிட்டான். மூன்றாவதை முடித்துவிட்டு, "சப்பாத்தி கொஞ்சம் கனமாப் போச்சுடா" என்றான். உண்மைதான்.

டிஸ்கி: செய்து பார்க்கிறவர்களுக்கு. பத்து சப்பாத்திக்கு இருபது கூம்பு, பத்துப் பேருக்கு அது ஒரு வட்டம். சப்பாத்தியை மெல்லிசாகத் தேய்த்து அரைவேக்காட்டில் எடுங்கள், இல்லாவிட்டால் சுருட்டும்போது வெடிக்கும். கோழியைத் தண்ணீர் சுண்டும் வரை வதக்கி, ஆறவைத்து அடைக்க வேண்டும். ஓவன் இருந்தால் 190 டிகிரியில் பதினைந்து முதல் இருபது நிமிடம். விளிம்பு சிவந்தால் எடுத்துவிடலாம். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மேலே தட்டை வைத்து மூடி, சிறுதீயில் வைக்கலாம், நேரம் மட்டும் கூட ஆகும். நடுக்கிண்ணம் பீங்கானோ எவர்சில்வரோ இருக்கட்டும். நான் முதல் தடவை பிளாஸ்டிக் வைத்துவிட்டேன், பேக்கரி அண்ணன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.