கண்ணாடி அலமாரியில் ஒரு காமிரா

புதுச்சேரியில் இப்போது பழைய காமிரா ஒன்று வைத்திருப்பது ஒரு கௌரவம். கடற்கரைப் பக்கத்துக் காப்பிக் கடைகளில் அலமாரிக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. துய்மா வீதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பே படம் எடுத்துக்கொள்ள வருகிற பிள்ளைகள், பிலிம் இல்லாத காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிஜிட்டல் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வயசு அப்படி. என் சண்டை அவர்களோடு அல்ல, அவர்களுடைய பெரியப்பாக்களோடு.

அப்படி ஒரு பெரியப்பா சென்ற மாதம் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே சின்ன விளக்கு. விளக்கின் கீழே மாமியா சி 330. பக்கத்தில் இரண்டு ஜோடி லென்ஸ்கள், வெள்ளிக் குத்துவிளக்கு வைப்பதுபோல வைத்திருந்தார்.

"இதுக்கு உயிர் இருக்கு சார். இந்தக் காலத்துப் பெட்டியிலே அது ஏது?" என்றார்.

பெட்டி சாமானியமானதல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இரட்டைக் கண் காமிரா என்றால் உலகம் ரோலிஃப்ளெக்ஸைத்தான் நினைக்கும். அதற்குப் பிறவியில் வாய்த்த கண்தான் ஆயுசுக்கும். தூரத்துக் காட்சிக்கும் அகன்ற காட்சிக்கும் ரோலி கம்பெனி தனித்தனிக் காமிராவே செய்து விற்றது. ஜப்பானிய மாமியா கம்பெனி 1950-களின் பிற்பகுதியில் இந்தத் தலைவிதியை மாற்றியது. மேல் கண், கீழ்க் கண் இரண்டையும் ஒரே தகட்டில் பொருத்தி, ஜோடியாகக் கழற்றி மாட்டும்படி செய்தது. 55 மில்லிமீட்டரிலிருந்து 250 வரை ஜோடிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த ஷட்டர். முன்பக்கம் ஆர்மோனியம்போல் துருத்தி நீளும். ஆகையால் குழந்தையின் முகத்துக்கு வெகு அருகிலும் போகலாம். ஆனால் அருகில் போகப்போக ஒரு வம்பு உண்டு. பார்ப்பது மேல் கண், படம் பிடிப்பது கீழ்க் கண். பார்த்தபோது இருந்த தலை படத்தில் இல்லாமல் போகும். இதற்காகவே சி 330-ன் கண்ணாடியில் ஒரு முள் நகர்ந்து, எங்கே வெட்டும் என்று எச்சரிக்கிறது. பிம்பமோ இடவலமாக மாறித் தெரியும். பெட்டி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனம். இத்தனையையும் சமாளித்து, மணவறையின் முன்னே தலை குனிந்து நின்று, ஒரு சுருளில் பன்னிரண்டே படம் எடுத்தார்கள் நம்முடைய ஸ்டூடியோக்காரர்கள். ஆறு சென்டிமீட்டர்ச் சதுர நெகடிவ். சின்னப் பிலிமைவிட மூன்றரை மடங்கு பெரிசு. புடவைச் சரிகையை இழை இழையாக எண்ணலாம்.

அந்த நெகடிவ்கள் எங்கே என்பதுதான் என் கேள்வி.

நண்பரின் அலமாரியில் இருக்கும் பெட்டியை நான் அறிவேன். 1974-ல் என் பெற்றோரின் கல்யாணத்தை எடுத்தது அந்த ஸ்டூடியோ. அம்மா காலமான பிறகு ஆல்பத்தைத் திறந்தால் கரையான் எனக்கு முன்பே பார்த்து முடித்திருந்தது. அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் நெகடிவ் எண்ணும் மட்டும் தெளிவாக இருந்தன. எண் இருக்கிறதே என்று ஓடினேன். ஸ்டூடியோ மூடியிருந்தது. வாரிசுப் பையன் மரியாதையானவன், நாற்காலி போட்டான்.

"காமிராவை ஒரு சார் நல்ல விலைக்கு எடுத்துக்கிட்டாருங்க. நெகடிவ்வெல்லாம் எடைக்குப் போட்டுட்டோம். அதுலேருந்து வெள்ளி எடுப்பாங்களாம்."

அவனை நான் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு இடம் நெருக்கடி, வாடகை நெருக்கடி. நண்பரைக் கேட்டேன்: "வாங்கப் போனபோது நெகடிவ்களைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. மூணு பீரோ. யார் யார் முகமோ. எனக்கு எதுக்கு?"

உயிர் இருக்கிறதாம் காமிராவுக்கு! முகங்களுக்கு இல்லையாம்.

பழைய நெகடிவ் எதற்கு என்பவர்கள் செயின்ட் லூயி வீதி வரை நடந்து போகலாம், தூரமில்லை. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை விட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டே அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்து, ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் எழுதி, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தது. இதனால் என்ன லாபம்? அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தானில் களவுபோன நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலை 1970-களிலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காகிதம் காட்டினார்கள். அதற்குப் பல ஆண்டு பின்னால், சிலை கோயிலிலேயே இருந்தபோது எடுத்த படம் இந்த நிறுவனத்தில் இருந்தது. காகிதம் பொய்யாயிற்று. 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார். அந்தப் படத்தை எந்தக் காமிராவில் எடுத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

"அது சாமி சார், இது மனுஷங்க" என்றார் நண்பர். மனிதர்களுக்கும் அதே நிறுவனம் வழி செய்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கிச் சேமித்தது. அங்கே 'யார் யார் முகமோ' என்று ஒதுக்கியிருந்தால் ஒரு படமும் மிஞ்சியிராது.

காமிராவைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்படுகிறார்களே, அதிலாவது நியாயம் உண்டா? 120 சுருள் இன்றும் செய்கிறார்கள். விலை அதிகந்தான், அலமாரிக்குள் விளக்குப் போட முடிந்தவருக்கு அது எட்டாத விலை அல்ல. இந்த ஊர் உப்புக்காற்றில் ஓடாத ஷட்டர் ஒட்டிக்கொள்ளும். திறக்காத லென்ஸில் பூஞ்சை படரும். நண்பரின் 80 மில்லிமீட்டரில் சிலந்தி வலைபோல் ஒன்று அப்போதே தொடங்கியிருந்தது. சொன்னேன். "உள்ளேதானே, வெளியே தெரியாது" என்றார்.

புறப்படும்போது வாசல் வரை வந்து, ஊரில் இன்னொரு ஸ்டூடியோ மூடப் போகிறார்களாம், அங்கே 180 மில்லிமீட்டர் ஜோடி இருக்கிறதாம், நாளைக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸை அவர் எடுத்துக்கொள்ளட்டும். பீரோக்களை ஏற்ற நான் ஒரு வண்டி பேசியிருக்கிறேன்.